1,465 கோடி டாலர் ஏற்றுமதி சரி, ஸ்ரீபெரும்புதூரில் தங்குவது எவ்வளவு?

ஏரிக்கரையான்:

2024-25இல் தமிழ்நாட்டிலிருந்து போன எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டுக் கணக்கில் 41 சதவீதம் என்று அரசு சொல்கிறது. 2021-22இல் இதே கணக்கு 186 கோடி டாலர்தான். மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இதில் பெரும்பங்கு செல்போன், அதிலும் பெரும்பங்கு எங்கள் பக்கம், சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி. மறைமலை நகர்ப் பக்கம் கொஞ்சம்.

எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஊருக்குள் நடந்து பார்த்தால் அந்த மலைப்பு வரவில்லை, அதுதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் தெருவில் மாட்டுக்கொட்டகை இருந்த இடமெல்லாம் இப்போது லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, மேலே சிமென்ட் ஷீட், நாலு பேர் படுக்கிற இடத்தில் ஆறு பேர், வாடகை ஆள் கணக்கு. ஷிப்ட் விடுகிற நேரத்தில் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் வரிசை கட்டி நின்றால் ஆம்புலன்ஸ்கூட நகராது. டீக்கடை, மெஸ், செல்போன் ரீசார்ஜ் கடை எல்லாம் பெருகியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பையன் ஐடிஐ முடித்துவிட்டுக் கேட்டில் போய் நின்றால், ஆதாரில் முகவரியைப் பார்த்ததுமே "அப்புறம் கூப்பிடுறோம்" என்கிறார்கள். உள்ளூர்க்காரன் சங்கம் வைப்பான், திருவிழாவுக்கு லீவு போடுவான் என்ற பயம். இது ஒரு கம்பெனியின் பழக்கம் இல்லை, பல இடத்திலும் அப்படித்தான்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? நோக்கியா மாதிரி இதையும் ஒருநாள் பூட்டிவிட்டுப் போனால் இந்தப் பக்கத்துக்கு என்ன மிச்சம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையலைன்:

நோக்கியாவை இழுத்துவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது.

ஒப்பந்தம் 2005இல், போன் வெளியே வந்தது 2006 ஜனவரியில். 200 ஏக்கருக்கு மேல் சிறப்புப் பொருளாதார மண்டலம். நல்லா ஓடின காலத்தில் உள்ளே மட்டும் 8,000 பேர் வரைக்கும் வேலை பார்த்தார்கள், சுற்றிலும் சார்ஜர் செய்கிறவன், கவர் ஊற்றுகிறவன், போர்டு அடிக்கிறவன் என்று பாகம் கொடுக்கிற கம்பெனிகளில் இன்னும் பல ஆயிரம் பேர். நான் அந்தச் சுற்று வட்டத்தில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்து லைன் லீடர் ஆனவன். பெயர் வேண்டாம்.

வரிச் சண்டையால் மூடினார்கள் என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. 2013 ஜனவரியில் வருமான வரிச் சோதனை, பின்லாந்துக்கு மென்பொருளுக்காக அனுப்பின பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2,080 கோடி ரூபாய் கேட்டார்கள். மாநில அரசு தன் பங்குக்கு 2,400 கோடி, ஏற்றுமதி என்று கணக்குக் காட்டின போன்கள் உள்நாட்டிலேயே விற்றன என்று. சொத்து முடக்கத்தில் இருந்ததால் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கினபோது சென்னை ஆலை மட்டும் அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. அதற்கப்புறம் ஆர்டர் வர வர வற்றி 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. நோக்கியாவுக்குப் பாகம் செய்துகொண்டிருந்த தைவான் கம்பெனி ஃபாக்ஸ்கானும் டிசம்பரில் இங்கே ஷட்டரை இறக்கியது. வரிச் சண்டை 2018இல் ஏறக்குறைய 1,600 கோடியில் தீர்ந்தது, அப்போது ஆலை பூட்டி நாலு வருடம்.

மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. நாங்கள் போட்டது பெரும்பாலும் பட்டன் போன். ஆண்ட்ராய்டு வந்து சந்தை கவிழ்ந்தபோது நோக்கியாவே தடுமாறியது, அதன் தலையில் வரியும் விழுந்தது. அதே காலத்தில் வியட்நாமில் பாக் நின் என்ற இடத்தில் சாம்சங் 2009இல் போன் ஆலை தொடங்கியது. நோக்கியாவும் 2013இல் அதே பாக் நின்னில் ஒன்று திறந்தது. சென்னை பூட்டினது, பாக் நின் வளர்ந்தது.

மிச்சம் என்ன என்று கேட்டீர்களே. எங்கள் கம்பெனி செட்டில்மென்ட் என்று கொடுத்த காசில் சிலர் ஷேர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் கல்யாணக் கடனை அடைத்தார்கள். நான் கொஞ்ச காலம் பூந்தமல்லி ரூட்டில் வண்டி ஓட்டினேன். ஆனால் 2019இல் ஃபாக்ஸ்கான் இங்கே ஐபோன் எக்ஸ்ஆர் போட ஆரம்பித்தபோது லைன் தெரிந்த ஆட்களை எங்கே போய்த் தேடியிருப்பார்கள்? என் பழைய செட்டில் பலர் திரும்பப் போனார்கள். அதே வருடம் நோக்கியாவின் பூட்டின கட்டடத்தையே சால்காம்ப் வாங்கியது, இப்போது அங்கே சார்ஜர் செய்கிறார்கள். ஆகவே ஒன்றுமே மிஞ்சவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் போன அஞ்சு வருடத்தை யார் கொடுப்பார்கள்?

கணக்கன்:

முதல் பதிவில் இருக்கிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1,465 கோடி டாலர் என்பது வெளியே போன பெட்டிகளின் விலை. ஐபோனுக்குள் சிப் தைவானிலிருந்து வருகிறது, கேமரா சென்சார் ஜப்பானிலிருந்து, திரை பெரும்பாலும் கொரியாவிலிருந்து. வந்ததைக் கோர்த்து, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்புகிறோம். சமையல் மட்டும் நம் வீட்டில், மளிகை முழுக்க வெளியூரில் வாங்கினது. மளிகை விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் நமக்கு உண்டானது என்ன என்று தெரியும். அது மொத்தத்தில் சின்னப் பங்கு.

இன்னொன்று. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம், உள்ளே வாங்கின பொருளுக்குக் கட்டின வரியும் திரும்பக் கிடைக்கும். ஆகவே பெட்டி விமானம் ஏறுவதால் மாநிலக் கஜானாவில் நேராக எதுவும் விழாது. மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த உற்பத்தி ஊக்கத்தொகை, கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம், அது கம்பெனிக்குப் போவது. மாநிலமும் நிலம், முத்திரைத்தாள், முதலீட்டு மானியம் என்று தன் கையிலிருந்து கொடுக்கிறது.

அப்புறம் எதற்கு இத்தனை மாநிலங்கள் அடித்துக்கொள்கின்றன என்றால், கூலிக்கு. சம்பளம் வாங்குகிறவர் சோப்பு, சிமென்ட், நகை, பைக் வாங்கும்போதுதான் வரி வருகிறது. அதுவும் எங்கே வாங்குகிறாரோ அந்த ஊர்க் கடைக்குத்தான் வியாபாரம். ஏரிக்கரையான், உங்கள் தெருவில் பணத்தைத் தேடாதீர்கள். ஆறு பேர் படுக்கிற அந்த அறையில் இருப்பவர்கள் எந்த ஊர் என்று கேட்டு, அங்கே போய்ப் பாருங்கள்.

வரப்பு:

கூலிக்கணக்கு சரி ஐயா. ஏரிப் பாசனம் இருந்த வயலின் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது? காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்ததிலிருந்து, 2022 தொட்டு, நிலம் போகிற ஏகனாபுரத்துக்காரர்கள் உட்கார்ந்து போராடுகிறார்கள். சரக்கு விமானம் இறங்க வேண்டும் என்பதும் சொல்லப்படுகிற காரணத்தில் ஒன்று. 2025இல் டிரம்ப் வரி வருவதற்குள் முந்திக்கொண்டு சென்னையிலிருந்து 600 டன் ஐபோனை விமானத்தில் ஏற்றினார்கள் என்று செய்தி வந்ததே, அது இருக்கிற விமான நிலையத்திலிருந்துதானே போனது.

போளூர்ச்செல்வி:

கணக்கன் சார் போய்ப் பார்க்கச் சொன்ன ஊர் எங்கள் ஊர்தான், அதனால் எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ முடித்து ஏஜென்ட் மூலமாக வந்தவள். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். போனை லாக்கரில் வைத்துவிட்டு, கோட், தொப்பி, மணிக்கட்டில் வயர் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் என் வேலை ஸ்க்ரூ. ஒரே ஸ்டேஷன். காந்த முனை வைத்த டிரைவர், அரிசிக் குருணை மாதிரி ஸ்க்ரூ, சரியான முறுக்கு வந்தால் பச்சை விளக்கு எரியும், சிவப்பு எரிந்தால் லைன் லீடர் வந்து நிற்பார். ஷிப்ட் முழுக்க அதுதான். ரூமுக்கு வந்து கண்ணை மூடினாலும் பச்சை விளக்குதான் தெரியும்.

கையில் வருவது ஓவர்டைம் சேர்த்து 15 ஆயிரம் சொச்சம். அதில் வீட்டுக்கு 9 ஆயிரம் அனுப்புகிறேன். எங்கள் கூரை வீடு ஓட்டு வீடு ஆனது இதில்தான், தம்பி பாலிடெக்னிக் படிப்பது இதில்தான், நகைச்சீட்டும் ஒன்று ஓடுகிறது. எங்கள் தெருவில் என்னோடு சேர்த்து நிறையப் பேர் இப்படி வந்திருக்கிறோம். பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போனால் போளூர் துணிக்கடைக்காரர் எங்களை நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். முன்னால் அம்மா போனால் "என்ன விலைல பார்க்கறீங்க" என்று வாசலிலேயே கேட்பார். ஏரிக்கரையான் அண்ணா, உங்கள் ஊர் டாலர் அங்கே இருக்கிறது.

கொஞ்சம் உங்கள் ஊரிலும் இருக்கிறது. முதலில் இருந்த லைன் வீட்டில் ஆளுக்கு 1,800 வாடகை, தண்ணீர் கேன் தனி, மொட்டைமாடியில் துணி காயப்போடக்கூட ஹவுஸ் ஓனர் அம்மா முணுமுணுப்பார்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போய், பெண்கள் பெங்களூர் ஹைவேயில் உட்கார்ந்தார்களே, அதற்கப்புறம்தான் நாங்கள் எங்கே தூங்குகிறோம் என்று வெளியே பேச ஆரம்பித்தார்கள். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டின 18,720 படுக்கை ஹாஸ்டலை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அங்கே இடம் கிடைத்தவர்கள் பரவாயில்லை என்கிறார்கள்.

எனக்கு இருக்கிற பயம் கம்பெனி போய்விடும் என்பது இல்லை. நான் போய்விடுவேன். கல்யாணம் ஆனவர்களை ஐபோன் லைனில் எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதி டெல்லி வரைக்கும் பேச்சானது. எழுதாத ஊரிலும் வழக்கம் அதுதான். வீட்டில் ஜாதகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்க்ரூ முடுக்கத் தெரியும் என்று போளூரில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்?

ஏரிக்கரையான்:

அம்மா செல்வி, மொட்டைமாடி விஷயத்தில் எங்கள் வீட்டம்மாவிடம் இன்றே பேசுகிறேன், அவரும் அதே கட்சிதான். ஒன்பதாயிரம் அனுப்பி மீதியில் மாதம் ஓட்டுவது பெரிய விஷயம். ஆனால் கடைசியாகக் கேட்டீர்களே, அதைத்தான் நான் ஊருக்காகக் கேட்டேன். அதற்கு யாரிடமாவது பதில் இருக்கிறதா?

ரீஃப்ளோ:

நான் ஒரகடம் பக்கம் எஸ்எம்டி, அதாவது போர்டு மேல் பொடிப் பாகங்களை மெஷினில் ஒட்டுகிற பிரிவில், பிராசஸ் எஞ்சினியர். கொஞ்சம் உள் விவரம் சொன்னால்தான் செல்வியின் கேள்விக்குப் பதில் வரும்.

போன் லைனை இரண்டாகப் பிரியுங்கள். முன்பாதி போர்டு. பாகம் ஏறாத வெறும் போர்டு (பிசிபி) மேல் ஸ்டென்சில் என்கிற துளைத் தகடு வைத்துச் சால்டர் பேஸ்ட் என்கிற பற்றுப் பசையைத் தேய்ப்போம், பிக் அண்ட் பிளேஸ் மெஷின் ரீலிலிருந்து மிளகில் கால்வாசி அளவு பாகங்களை உறிஞ்சி எடுத்து உட்கார வைக்கும், ரீஃப்ளோ அடுப்புக்குள் போய் பேஸ்ட் உருகி ஒட்டும், வெளியே வந்ததும் கேமரா படம் பிடித்துக் குறை தேடும். இந்தப் பாதியில் ஆள் குறைவு, மெஷின் விலை அதிகம். பின்பாதி செல்வி இருக்கும் இடம், ஆயிரக்கணக்கில் ஆட்கள். வெளியே தெரியும் வேலைவாய்ப்பு எண் முழுக்கப் பின்பாதியிலிருந்து வருவது, அதைத்தான் சுலபமாக வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டும் போகலாம்.

தூக்கிக்கொண்டு போக முடியாதது ஒன்று உண்டு. புது மாடல் வரும்போது லைனை எழுப்பத் தெரிந்த ஆள். முதல் வாரம் நூறு போர்டில் எத்தனை தேறும் என்பது வெட்கக்கேடாக இருக்கும். பாகம் ஒட்டுகிற எந்தப் புள்ளியில் பேஸ்ட் ஏன் கம்மியாக விழுகிறது, ஸ்டென்சில் துளையா, அழுத்தமா, ஏசி ஈரப்பதமா, அடுப்பில் எந்த ஸோன் சூடு எகிறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து அந்த எண்ணை மேலே ஏற்ற வேண்டும். இது எந்தக் காலேஜிலும் கிடைக்காது. இங்கே பல இடத்தில் இந்த வேலைக்குச் சீனாவிலிருந்து, தைவானிலிருந்து ஆள் வருவார். 2025 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து 300 சீன எஞ்சினியர்களுக்கு மேல் திரும்பிப் போனதாகச் செய்தி வந்தபோது எல்லோரும் ஐயோ என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் நின்றால் மொழிபெயர்ப்பு ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்ச வேண்டியதில்லை, நாமே அடித்து மோதிக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

செல்விக்கு: ஸ்க்ரூ ஸ்டேஷனிலேயே இருக்காதீர்கள். டெஸ்டிங், இல்லை குறை உள்ள போர்டைச் சரிசெய்கிற ரீவொர்க் பக்கம் மாற்றிக் கேளுங்கள். மைக்ரோஸ்கோப் வைத்துச் சால்டர் மாற்றத் தெரிந்த கைக்கு செல்போன் சர்வீஸ் கடையிலிருந்து கார் போர்டு ரிப்பேர் வரைக்கும் வேலை உண்டு, போளூரிலும் உண்டு.

போளூர்ச்செல்வி:

கேட்டேன் சார். ஏஜென்ட் ஆள் என்பதால் கிடையாது, கம்பெனி ரோலில் நேராக இருப்பவர்களுக்கு மட்டும்தானாம். மறுபடி கேட்கிறேன்.

பழையலைன்:

செல்வி சொன்னதுதான் விஷயமே. மாடலும் கம்பெனியும் மாறலாம், காண்ட்ராக்டில் இருக்கிற வரைக்கும் எந்த லைனிலும் வேலை கற்றுக்கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் நீங்கள் ஆறு மாதத்தில் போய்விடுவீர்கள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். 2024 செப்டம்பர் 9இலிருந்து இங்கே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தார்களே, அந்தச் சண்டையின் அச்சு சங்கத்தைப் பதிவு செய்வதுதான். கடைசியில் 2025 ஜனவரியில் பதிவானது. அதற்கெல்லாம் முன்னால் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற சட்டத் திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றி, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். வியட்நாமோடு போட்டி என்று சொல்லிச் சொல்லியே இதெல்லாம் நடக்கிறது. சங்கம் இருந்தால் கம்பெனி ஓடிவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லட்டுமா, நோக்கியாவிலும் சங்கம் இருந்தது, ஓட வைத்தது சங்கம் இல்லை.

கணக்கன்:

அதோடு உடன்படுகிறேன், ஆனால் சாம்சங் 2007இலிருந்து இங்கே டிவி, ஃப்ரிட்ஜ் செய்து பெரும்பாலும் உள்ளூரிலேயே விற்கிறது. சந்தை பக்கத்தில் இருப்பவன் சட்டென்று போக மாட்டான். விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு விற்கிறவன் அங்கே வரி இரண்டு புள்ளி ஏறினாலே கணக்குப் போட ஆரம்பிப்பான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கோவை_டூல்ரூம்:

எங்கள் ஊர்க்காரர்கள் பம்ப், மோட்டார், கிரைண்டர் என்று செய்து பழகியவர்கள், அதனால் வேறு மாதிரி பார்க்கிறேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி மூடினால் அதற்கு வார்ப்பு கொடுத்த பவுண்டரி மறுநாள் வேறு கம்பெனிக்கு ஊற்றும். ஸ்ரீபெரும்புதூரில் பாகம் கொடுக்க வந்தவனும் கூடவே வெளிநாட்டிலிருந்து வந்தவன், பெரியவன் போனால் அவனும் போவான். 2014இல் நடந்தது அதுதான்.

மாறுமா என்றால், கொஞ்சம் மாறுகிற மாதிரி இருக்கிறது. 2025 மார்ச்சில் பாகங்களுக்கென்றே மத்திய அரசு 22,919 கோடித் திட்டம் போட்டது, அடுத்த மாதமே தமிழ்நாடு அதற்கு ஈடாகத் தன் திட்டத்தை அறிவித்தது. ஃபாக்ஸ்கான் குடும்பத்து யூசான் கம்பெனி காஞ்சிபுரம் மாவட்டத்தில் 13,180 கோடியில் திரை தொகுதி செய்ய 2024 அக்டோபரில் அனுமதி வாங்கியது. பிள்ளைப்பாக்கத்தில் கார்னிங் கூட்டுக் கம்பெனியின் கண்ணாடி ஆலை. சரி, ஆனால் இவையும் பெரிய ஆட்களே. போன் லைனுக்குப் பாகத்தைப் பிடித்து வைக்கிற ஜிக், ஃபிக்சர், ட்ரே, பிளாஸ்டிக் ஊற்றுகிற அச்சான மோல்ட் என்று ஓயாமல் தேவைப்படும், மாடல் மாறினால் அத்தனையும் மாறும். அந்த வேலைதான் நம்ம ஆளுக்கு உகந்தது. ஒருமுறை கொட்டேஷன் கொடுத்துப் பார்த்தேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தரத்தில் குறை சொல்லவில்லை. பணம் 90 நாள் கழித்து என்றார்கள், ஸ்டீலுக்கு நான் முன்பணம் கட்ட வேண்டும், டிசைன் ஒரு வாரத்தில் மாறலாம், மாறினால் அந்தச் செலவு என் தலையில். பேங்க் மேனேஜர் சிரித்தார். சீனாவில் அந்த ஜிக் செய்கிறவனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஹீட் ட்ரீட்மென்ட்டும் ஸ்டீல் ஸ்டாக்கிஸ்டும் இருக்கிறான், கடனும் கிடைக்கிறது. அரசாங்கம் ஆயிரம் கோடி ஆலைக்குக் கொடுக்கிற மானியத்தில் ஒரு துளியை, இந்த ஜிக், மோல்ட் செய்கிற சின்னப் பட்டறைகளான டூல் ரூம்களின் நடப்புக் கடனுக்குத் திருப்பிவிட்டால், ஆலை போனாலும் டூல் ரூம் நிற்கும். வேறு ஆளுக்குச் செய்து கொடுக்கும்.

வரப்பு:

இது நல்ல யோசனை. மானியக் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ஏரிக்கரையான்:

படித்தவரைக்கும் எனக்குப் புரிந்தது, ஊருக்கு வரி வராது, கூலி போளூருக்குப் போகும், எங்களுக்கு வாடகை. வாடகையை நம்பித்தான் எங்கள் தெருவே பேங்க் லோன் எடுத்து மேல்மாடி ஏற்றிக்கொண்டிருக்கிறது. வல்லம் மாதிரி இன்னும் நாலு ஹாஸ்டல் வந்தால் அதுவும் காலி. ஆகவே நானே அடுத்த அறை கட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன், அந்தக் காசில் அக்கா பையனைப் படிக்க வைக்கலாமா என்று பார்க்கிறேன். பத்தாவது பாஸ், கையில் வேலை ஓடும், படிப்பு சுமார். கோவைக்காரரே, ரீஃப்ளோ தம்பி, எதில் சேர்க்கட்டும்?

கோவை_டூல்ரூம்:

மோல்ட் பக்கம் விடுங்கள். கிண்டியில் சிப்பெட் என்கிற மத்திய அரசு பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனத்தில் பத்தாவது முடித்தவர்களுக்குப் பிளாஸ்டிக் மோல்ட் டெக்னாலஜி டிப்ளமோ மூன்று வருடம் இருக்கிறது. முடித்தவனுக்கு கார் கம்பெனி, போன் கம்பெனி, பக்கெட் கம்பெனி எல்லாமே கதவு. சேர்ந்த பிறகு டிசைன் கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் மில்லிங் மெஷின், மின்பொறியால் இரும்பை அரிக்கிற இடிஎம் மெஷின் இரண்டிலும் கையை வைக்கச் சொல்லுங்கள், பசங்கள் இப்போது ஏசி அறையை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள்.

ரீஃப்ளோ:

நானும் அதையே சொல்வேன். எஸ்எம்டிக்கு ஆசைப்பட்டால் டிப்ளமோ இசிஇ முடித்துவிட்டு வரட்டும், ஆனால் எதிலும் ஏஜென்ட் மூலமாக மட்டும் சேர்க்காதீர்கள். அப்ரெண்டிஸ் என்றாலும் கம்பெனி பெயரில் ஆர்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏரிக்கரையான்:

நன்றி. கிண்டிக்கு சுங்குவார்சத்திரத்திலிருந்து தினம் போய் வர முடியுமா, இல்லை ஹாஸ்டல்தானா?

பழையலைன்:

பூந்தமல்லி போய் பஸ் மாறினால் போகலாம், ஆனால் காலையில் ஆறு மணிக்கு முன்னாலேயே ஏறிவிட வேண்டும். அதற்கப்புறம் ஹைவே முழுக்கக் கம்பெனி பஸ்தான்.